கலியாண வீடியோவில் ஆட்டம் எடுத்த கதை

வீடியோ எடிட்டிங் என்பது, ஒருவர் ஓடி ஓடி எடுத்ததை இன்னொருவர் இருந்த இடத்தில் இருந்து நேராக்குகிற தொழில். எங்கள் ஸ்டூடியோவில் அந்த இன்னொருவர் நான். பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்துவிட்டு, அரசாங்க வேலை வரும்வரை சும்மா இருக்க மனமில்லாமல் ஆரையம்பதிப் பிரதான வீதியில் உள்ள இந்த ஸ்டூடியோவில் சேர்ந்தேன். "ஆக்களோட கதைக்கத் தேவையில்ல புள்ள, கொம்பியூட்டருக்கு முன்னால இருந்தாப் போதும்" என்று முதலாளி சிவா அண்ணன் சொன்னார். நாலு பேருக்கு முன்னால் பேசக் கூசுகிற எனக்கு அதைவிட நல்ல வேலை கிடைக்காது என்று நம்பினேன்.

கையில் பிடித்து எடுத்த வீடியோவின் நடுக்கத்தை மென்பொருளால் தணிப்பதற்கு எங்கள் கடையில் 'ஆட்டம் எடுக்கிறது' என்று பெயர். பிறர் கையின் நடுக்கத்தைக் காலை முதல் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், சோற்றுக் கோப்பையும் ஆடுகிறதே என்று அதைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

துறையடியில் நின்ற முக்காலி

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் கலியாணம் என்றால் எங்கள் கமராக்காரர் குணம் அண்ணன் வாவியைக் கடக்கவேண்டும். துறையில் 'பாதை' என்று நாங்கள் சொல்லும் இயந்திரப் படகு, மனிதர், மாடு, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஆறுதலாக அக்கரைக்குப் போகும். சண்டைக் காலம் என்பதால், அதில் ஏறுவதற்கு முன்னால் இராணுவத்தின் சோதனைச் சாவடி. கமராவைத் திறந்து பார்ப்பார்கள், பற்றரியைக் கழற்றிப் பார்ப்பார்கள், பிறகு விட்டுவிடுவார்கள். சிக்கல் எல்லாம் கமராவை நிறுத்துகிற முக்காலியில்தான். அதை விரித்துக் காட்டச் சொன்ன சிப்பாய், அது விரிந்து நின்றதும் பின்னால் போய்விட்டாராம். அதன்மேல் கமராவைத் தவிர வேறு என்னவெல்லாம் பூட்டலாம் என்று அவருக்கு யோசனை ஓடியிருக்கிறது.

அன்றிலிருந்து படுவான்கரைக் கலியாணங்களுக்கு முக்காலி போவதில்லை. துறையடித் தேநீர்க்கடையில் அதைக் குணம் அண்ணன் விட்டுவிட்டுப் போவார்; அவர் திரும்பி வரும்வரை கடைக்காரர் அதில் துவாய் காயப்போடுவார். எங்கள் பக்கமான எழுவான்கரைக் கலியாணங்கள் அசையாமல் வர, படுவான்கரைக் கலியாணங்கள் எல்லாம் ஆடிக்கொண்டு வந்ததற்கு இதுதான் காரணம். ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, யாரிடமாவது அனுமதி எடுத்து முக்காலியைக் கொண்டுபோக முடியாதா என்று குணம் அண்ணனிடம் கேட்டேன். அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்குத் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"தங்கச்சி, ரெண்டு கால் மனிசன் நான் அங்கால போறதே பெரிய பாடு. நீங்க மூண்டு காலையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்றீங்க!"

மேகலா கொண்டு வந்த கசட்

அப்படி ஆடிய கசட்டுகளில் ஒன்று மேகலாவுடையது. கொக்கட்டிச்சோலைக்கு அருகே அவள் வீட்டு முற்றத்தில் நடந்த கலியாணம். மாப்பிள்ளை வெளிநாட்டில் வேலை செய்கிறவர். லீவில் வந்து தாலி கட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு துறை மூடுவதும் திறப்பதுமாக இருந்ததில் கசட் எடிட் பண்ணப்படாமலே கிடந்தது. மேகலா தாய்மாமனோடு ஆரையம்பதியில் வந்து தங்கி, கணவரிடம் போவதற்கான விசா நேர்முகத்துக்குக் கொழும்புக்குப் போயிருந்தாள். கையில் இருந்தது சில போட்டோக்கள்தான். அவற்றிலும், பெரியவர்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கத்தில், பெண்ணும் மாப்பிள்ளையும் இடையில் இன்னொருவர் நிற்கலாம் என்கிற அளவுக்குத் தள்ளி நின்றார்கள். இது விசாவுக்காகச் செய்த கலியாணமோ என்று தூதரகத்தில் சந்தேகம் வந்துவிட்டது. கலியாண வீடியோவை எடுத்துக்கொண்டு இன்னொரு முறை வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

கசட்டை அவளுக்கும் மாமாவுக்கும் முன்னால் போட்டுப் பார்த்தோம். மணவறை மேலே போனது, கீழே வந்தது. மாப்பிள்ளையின் முகம் ஒரு கோடாக ஓடியது. ஐயர் இரண்டு பேராகத் தெரிந்தார். கொஞ்ச நேரத்தில் மாமா எழுந்து வெளியே போய், தெருவோரம் நின்று காற்று வாங்கினார். நான் வழக்கம்போல் திரையைப் பார்த்துக்கொண்டே, "சரிப்படுத்தலாம்" என்று மட்டும் சொன்னேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. மேகலா என் கதிரைக்குப் பக்கத்தில் குந்தி, மெதுவாகச் சொன்னாள்:

"அக்கா, நான் சொல்லி அவங்க நம்பல்ல. எங்கட கலியாணம் உண்மையா நடந்த கலியாணம் எண்டு இனி இந்தப் படம்தான் சொல்லணும்."

ஆடிய கரை

கசட்டின் தொடக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் பாதையில் வாவியைக் கடந்து வருகிற காட்சி இருந்தது. முதலில் அதில் கை வைத்தேன். இந்த மென்பொருள் செய்கிற வேலை ஒன்றும் மந்திரமில்லை. படத்தில் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறதோ, முழுப் படத்தையும் அதற்கு எதிர்ப்பக்கமாக நகர்த்திச் சரிக்கட்டும். எந்தப் புள்ளி என்று நாம் சொல்லாவிட்டால் தனக்குப் பளிச்சென்று தெரிகிறதைப் பிடிக்கும். அது முதலில் தண்ணீரில் மின்னிய வெயிலைப் பிடித்தது. படம் பைத்தியம் பிடித்ததுபோல் துள்ளியது. பிறகு படகின் விளிம்பைப் பிடித்தது. படகு கல்லுப்போல் நிற்க, கரையும் மரங்களும் வானமும் தொட்டில்போல் ஆடின. எனக்கு அது பெரிய முன்னேற்றமாகத் தெரிந்ததால் மாமாவுக்குக் காட்டினேன்.

அவர் வாவியில் மீன் பிடிக்கிறவர். படத்தைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். அவர் போன பிறகு காட்சியைத் திரும்பத் தொடக்கத்துக்குக் கொண்டுபோய், அக்கரையில் அசையாமல் நின்ற ஒரு மின்கம்பத்தின் தலையைக் குறித்துக் கொடுத்தேன். கம்பம் படத்தைவிட்டு வெளியே போகிற இடத்தில் காட்சியை வெட்டி, அடுத்த துண்டுக்கு ஒரு கூரை முகட்டைக் கொடுத்தேன். படகு மெல்ல அசைய, கரை தன்பாட்டில் நின்றது. அதற்குப் பிறகு அசையாதது எது என்று பார்க்காமல் எந்தக் காட்சியையும் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஆனாலும் மாமாவின் பேச்சு கடையில் கனநாள் நின்றது:

"புள்ள, நான் பிறந்த நாள் தொட்டு இந்த வாவியிலதான் கிடக்கிறன். கரை ஆடி இண்டைக்குத்தான் பாக்கிறன்!"

காணாமல் போன சம்பந்தி

மேகலாவின் வேலைக்கு நடுவில் காத்தான்குடியிலிருந்து ஒரு முஸ்லிம் கலியாணம் வந்தது. அங்கே பெண்கள் பக்கத்தைப் பெண்களே எடுப்பார்கள். எடிட் பண்ணுகிறவரும் பெண்ணாக இருந்தால்தான் கசட்டைத் தருவார்கள். அதனால் அந்த வேலைகள் எல்லாம் என் மேசைக்கு வரும். மணமகளின் மாமி மகள் ஒருத்தி எடுத்திருந்தாள். ஒரு கையில் கமரா, மறு கையில் பலகாரத் தட்டு என்பது படத்திலேயே தெரிந்தது. அசையாத புள்ளிகளைப் பொறுக்கி எடுத்து, ஆட்டத்தை முழுதாகத் துடைத்துவிட்டேன். பெருமையாகவும் இருந்தது.

படத்தை அங்கேயும் இங்கேயும் நகர்த்தினால் ஓரங்களில் கறுப்புப் பட்டி தெரியும். அதை மறைக்க மென்பொருள் படத்தைப் பெருப்பித்து ஓரங்களை வெட்டும். ஆட்டத்தை எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவு ஓரம் போகும். நான் நடுவில் இருந்த மணப்பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஓரத்தில் யார் போனார் என்று பார்க்கவில்லை. மணமகளின் தாய் வந்து பார்த்தார். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பதுதான் அவர்கள் வழக்கம். அவர் திரையின் இடது ஓரத்தைத் தொட்டுக் காட்டிச் சொன்னார்:

"தங்கச்சி, ஆட்டத்த எடுத்தீங்க, சந்தோசம். மாப்பிள்ளைட உம்மாவையும் சேத்தெல்லோ எடுத்துப் போட்டீங்க! இத அவ பாத்தா, மறுகா மகன எங்கட ஊட்ட இருக்க விடுவாவா?"

நூறும் முப்பதும்

அந்த அம்மாவின் பேச்சுக்குப் பிறகு நான் அளவைக் குறைத்தேன். மென்பொருளில் ஒன்றிலிருந்து நூறுவரை தள்ளக்கூடிய ஒரு கட்டை இருக்கும். முப்பதுக்குக் கிட்ட வைத்தால் உதறல் போய், மனிதர் மூச்சு விடுகிற அளவுக்கு ஓர் அசைவு மிஞ்சும். ஓரத்தில் நிற்கிறவர்களும் தப்புவார்கள். நூறில் வைத்தால் படம் பாசிக்குடாக் கடலில் மிதக்கிற ஆளைப்போல் வழுக்கிக்கொண்டு போகும். இன்னொன்று, ஆட்டத்தை எடுத்தாலும் ஆட்டத்தால் வந்த மங்கல் போகாது. அசையாமல் நிற்கிற படத்தில் ஒருவர் முகம் திடீரென்று கரைந்து, திரும்பத் தெளியும். கொஞ்சம் அசைவை விட்டுவைத்தால் கண் அதை மன்னித்துவிடும்.

இதையெல்லாம் சிவா அண்ணனுக்குச் சொல்லிப் பார்த்தேன். அவர் கட்டையைப் பிடித்து நூறுக்குத் தள்ளுவார். அவர் தேநீர் குடிக்கப் போனதும் நான் முப்பதுக்குக் கொண்டுவருவேன். சத்தம் போடாமல் செய்கிற பிடிவாதம் எனக்கு நன்றாக வரும். ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்:

"என்ன புள்ள நீ, நூறு மட்டும் போகுதெண்டா நூறு வைக்கத்தானே செஞ்சிருக்கான்! முப்பது போதுமெண்டா அவன் முப்பதோட நிப்பாட்டியிருக்க மாட்டானா?"

ஓடி ஓடி எடுத்தவர்

ஆட்டம் எடுக்க ஒரு வழி இருக்கிறது என்று தெரிந்ததும் குணம் அண்ணனின் கசட்டுகள் இன்னும் மோசமாகின. மணமக்களுக்குப் பின்னால் ஓடினார், கதிரையில் ஏறினார், ஏறியபடியே இறங்கினார். ஒரு கசட்டில் அவர் பாயாசம் குடிக்கிற சத்தமும், அதற்குத் தக்கபடி படம் சாய்வதும் இருந்தன. அதைப் பார்த்த அன்று நான் கதிரையை விட்டு எழுந்து அவருக்கு முன்னால் போய் நின்றேன். என் குரலை அவர் அவ்வளவு கிட்டத்தில் கேட்டதில்லை. முக்காலி இல்லாவிட்டால் முழங்கைகளை விலாவோடு ஒட்டிப் பிடியுங்கள், பந்தல் காலில் முதுகைச் சாயுங்கள், நடக்கும்போது எடுக்காதீர்கள், ஒரு காட்சியில் நின்று மெதுவாகப் பத்து எண்ணிவிட்டு அடுத்ததுக்குத் திரும்புங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. அடுத்த கலியாணத்தில் அவர் வாய்க்குள் எண்ணுகிற சத்தம் கசட்டில் பதிந்திருந்தது. ஆனால் அன்று சொன்ன மறுமொழியை நான் மறக்கவில்லை:

"கோவிக்காதீங்க தங்கச்சி, நேராக்க நீங்க இருக்கிறீங்க எண்ட தைரியத்திலதான் நான் வளைஞ்சு வளைஞ்சு எடுத்தன்."

விலகிய மணப்பெண்

மேகலாவின் நேர்முகம் நெருங்கியது. துண்டு துண்டாக முழுக் கசட்டையும் முடித்துவிட்டேன், தாலி கட்டும் காட்சி ஒன்றைத் தவிர. அந்தக் காட்சியில் கமரா பலமாகத் துள்ளி, பந்தலின் வெள்ளைத் துணிக்குப் போய், அங்கே கொஞ்சம் அலைந்துவிட்டுத்தான் மணவறைக்குத் திரும்பியது. அவசரத்தில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்த்ததால், குணம் அண்ணனுக்குக் கால் எதிலோ தடுக்கியது என்று நினைத்தேன். சிவா அண்ணனோ தாலி கட்டுகிற காட்சியென்றால் நூறில்தான் வைக்கவேண்டும் என்று பக்கத்தில் நின்றார். துணியைக் காட்டிய துண்டை வெட்டி எறிந்து, இரண்டு முனைகளையும் ஒட்டி, மணவறைத் தூணைப் பிடித்து நூறில் வைத்தேன். சத்தத்தை எடுத்துவிட்டு, எல்லாக் கலியாணத்துக்கும் போடுகிற நாதஸ்வரத்தைப் போட்டோம். படம் அசையவே இல்லை. சிவா அண்ணன் மேசையைத் தட்டிச் சந்தோசப்பட்டார்.

மேகலாவும் மாமாவும் வந்து பார்த்தார்கள். வாவி, வரவேற்பு, கூறைச் சேலை எல்லாவற்றையும் அவள் சிரித்துக்கொண்டு பார்த்தாள். தாலி வந்தது. நாதஸ்வரம் இனிமையாக வாசிக்க, மாப்பிள்ளை தாலியை நீட்டுகிறார். மேகலா கண்ணை இறுக மூடிக்கொண்டு அவரைவிட்டு விலகிச் சாய்கிறாள். மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நிற்கிறது. சுற்றி நின்றவர்கள் முகத்தில் சிரிப்பில்லை. பிறகு தாலி கட்டப்படுகிறது. நான் அந்தக் காட்சியில் தூணையே பார்த்திருந்தேன், மேகலாவைப் பார்க்கவில்லை. அவள் திரும்பப் போடச் சொன்னாள். இரண்டாவது முறை பார்த்தபோது அவள் முகம் செத்துவிட்டது.

"அய்யோ அக்கா, இது ஷெல் விழுந்த நேரம்! வெடிச் சத்தத்துக்கு எல்லாரும் பயந்தம். இதப் பாத்தா என்னைப் புடிச்சு வச்சுக் கட்டின மாதிரியெல்லோ கிடக்கு?"

ஆட்டத்தைத் திருப்பி வைத்தது

கமரா ஏன் துள்ளியது என்று அப்போதுதான் விளங்கியது. மனிதர் பயந்ததை அப்படியே விட்டுவிட்டு, பயந்த காரணத்தை மட்டும் நான் சுத்தமாகத் துடைத்திருந்தேன். வெடிச் சத்தம் போய்விட்டது, கமராவின் துள்ளல் போய்விட்டது, மிஞ்சியது தாலியைக் கண்டு விலகுகிற ஒரு பெண். இந்தப் படத்தோடு போனால் அவள் விசா அந்த மேசையிலேயே முடிந்துவிடும். அந்தக் காட்சியைப் பழையபடி வைக்கப்போகிறேன் என்றேன். சிவா அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. ஸ்டூடியோவின் பெயர் போட்ட படம் ஆடிக்கொண்டு கொழும்புக்குப் போவதா, அதிலும் ஷெல் சத்தத்தோடு போய், வழியில் சோதனைச் சாவடியில் யாராவது போட்டுப் பார்த்தால் என்ன சொல்வது என்றார். நான் திரையை விட்டுத் திரும்பினேன். மேகலாவுக்கு முன்னால் அவரைப் பார்த்து, "பேருக்குப் பயமெண்டா என்ட பேரும் வேணாம், உங்கட பேரும் வேணாம் அண்ணன். பேர் போடாம அனுப்புவம்" என்றேன். அவர் வெளியே போனார். போனதையே சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

கசட்டிலிருந்து அந்தக் காட்சியை முதலிலிருந்து ஏற்றினேன். தாலி எடுக்கும்வரை இருந்த சின்ன உதறலை இருபதில் வைத்துத் தணித்தேன். வெடிக்கிற இடத்தில் ஒன்றையும் தொடவில்லை. மேளம் முழங்குகிறது, தூரத்தில் ஒரு வெடி, மேளம் நிற்கிறது, கமரா பந்தலுக்குத் துள்ளுகிறது. யாரோ அவசரத்தில், வாழ்த்தித் தூவுகிற அறுகரிசியை முன்கூட்டியே எறிந்துவிட்டார். அது பொலபொலவென்று கொட்டுகிறது. கமரா திரும்பி வருகிறது. ஓரம் வெட்டப்படாத முழுப் படத்தில் நான் அதுவரை காணாத ஒன்று இருந்தது. மாப்பிள்ளை வலக்கையில் தாலியைப் பிடித்தபடி, இடக்கையால் மேகலாவின் தலையைப் பொத்திப் பிடித்திருந்தார். என் நூறு அந்தக் கையை மேல் ஓரத்தோடு வெட்டியிருந்தது. மேகலா அந்தக் கையைப் பார்த்து, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். கசட்டில் மாமாவின் குரல் மேளகாரரைப் பார்த்துச் சொன்னது:

"ஒண்டுமில்ல, அது தூரத்த. நீங்க அடிங்க! தம்பி, நீங்க கட்டுங்க!"

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்

மேகலா அந்தப் படத்தோடு கொழும்புக்குப் போய்வந்தாள். வழியில் யாரும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. எனக்குத்தான் அவள் திரும்பி வரும்வரை எந்த வேலையிலும் கை ஓடவில்லை. ஒரு பிறந்தநாள் வீடியோவில் கேக்கை விட்டுவிட்டு மின்விசிறியைப் பிடித்துக்கொடுத்ததில், வீடு முழுவதும் சுற்றியது. அவள் கடைக்குள் வந்தபோது சிவா அண்ணன்தான் முதலில் எழுந்து நின்றார். விசா சரி என்று சொல்லிவிட்டார்களாம். நேர்முகம் செய்த அதிகாரி தாலி கட்டும் இடத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாராம். மாப்பிள்ளையின் கையில் விரலை வைத்துப் பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினாராம். பிறகு மொழிபெயர்க்கிறவரைக் கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாராம். அந்தக் கேள்வியையும் தன் மறுமொழியையும் மேகலா எங்களுக்குச் சொன்னபோது, குணம் அண்ணன் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு என் மேசை வரைக்கும் வந்தது:

"சத்தம் கேட்டும் ஏன் ஒருத்தரும் எழும்பி ஓடல்ல எண்டு கேட்டார் அக்கா. இன்னும் சோறு போடல்லையே ஐயா, எப்பிடி ஓடுற எண்டன்."

இப்போதும் யாராவது வந்து ஆட்டமே இல்லாத கலியாண வீடியோ வேண்டும் என்று கேட்டால், அதற்கு முதலில் கலியாணத்தை வேறு நாட்டில் வைக்கவேண்டும் என்று சொல்ல வாய் வருகிறது, ஆனால் ஆட்களோடு கதைப்பது என் வேலையில்லை என்பதால் கசட்டை வாங்கிக்கொண்டு கட்டையை முப்பதில் வைக்கிறேன்.